இட்லித் தட்டுச் சோதனை

ஜூலை 7, திங்கள்

அவினாசி சாலையில் ஆறுச்சாமி கட்டும் புதிய டிபன் ஹோட்டலை இன்று அளந்துவிட்டு வந்தேன். எண்பது பேர் உட்காரும் கூடம், பதினான்கு அடி உயரக் கூரை. அதை அப்படியே விட்டால் கல்யாண மண்டபம் ஆகிவிடும். மொத்தமாக இறக்கி மூடினால் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது போல் இருக்கும். நான் பதினோரு அடியில் மரச் சட்டங்களைத் தொங்கவிட்டு, சுற்று விளிம்புக்குள் வெளிச்சத்தை ஒளித்துவைக்கப் போகிறேன். ஒவ்வொரு மேசைக்கும் நேர்மேலே ஒரு சின்ன விளக்கு. வெளிச்சம் தட்டில் விழ வேண்டும், வழுக்கைத் தலையில் விழக் கூடாது.

"சாப்பிட வர்றவங்க அண்ணாந்து பாக்கவாங்க மேடம் போறாங்க?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"பாக்க மாட்டாங்க. ஆனா வெளிச்சம் சரியில்லைன்னா சீக்கிரமா எந்திரிச்சுப் போயிருவாங்க. ஏன் போறோம்னு அவங்களுக்கே தெரியாதுங்க" என்றேன்.

மனிதர் மடங்கிவிட்டார். ஆகஸ்ட் 29, ஆவணி வெள்ளிக்கிழமை திறப்பு. வாசல் கல்லில் 'ஒளி அமைப்பு: ரேணுகா சிவராஜ்' என்று வெட்டப் போவதாகச் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ ஹோட்டல்களின் கூரைக்கு வெளிச்சம் போட்டிருக்கிறேன். எந்தச் சுவரிலும் என் பெயர் ஏறியதில்லை. இது நன்றாக வந்தால் அவருடைய மற்ற நான்கு கிளைகளும் என்னிடம் வரும். வரும் என்ன, வந்துவிட்ட மாதிரிதான்.

ஜூலை 9, புதன்

கருநீலப் பட்டுக்கு ரவிக்கைத் துணி எடுத்து வந்தேன். திறப்பு விழாவுக்குக் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரேணு, இது கறுப்பு" என்றார். திருப்பூரில் சாயப்பட்டறை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் நூலுக்கு நிறம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுத் துணிமணிகளை விடுவதில்லை. தப்பு கடைக்காரன் மேல். அந்த மேட்சிங் சென்டரில் விளக்கு அவ்வளவு மோசம். அடுத்த முறை என் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

ஜூலை 12, சனி

பந்தய சாலைப் பக்கம் போனதால் பிரணவின் காபி கடையில் ஏறினேன். போன வருடம் நான் விளக்கு அமைத்துக் கொடுத்த கடை. அண்ணாந்து பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேக்கரியில் கேக்குக்கு அடியில் போடுகிற பழுப்புத் தாளை வட்ட வட்டமாக வெட்டி என் விளக்குகளின் முகத்தில் ஒட்டிவைத்திருக்கிறான்! பதினாறு விளக்கு, பதினாறு தாள்.

"கஸ்டமருங்க கொஞ்சம் கண்ணு கூசுதுன்னு சொன்னாங்க ஆன்ட்டி..." என்று இழுத்தான்.

"கூசுனா என்னைக் கூப்பிடோணும். உங்க சட்டைக்கு நான் வந்து ஒட்டுப் போட்டா விடுவீங்களா?" என்றேன். முப்பது வயதுப் பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. என் கண் முன்னாலேயே அத்தனையையும் உரிக்கவைத்துவிட்டுத்தான் காபி குடித்தேன். காபி நன்றாக இருந்தது. கடையில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மால்களுக்குப் போய்விடுகிறார்கள் போலிருக்கிறது.

ஜூலை 16, புதன்

மாதிரி பார்க்கும் நாள். ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஜெயசீலன் கூரையிலிருந்து மூன்று விளக்குகளைத் தொங்கவிட்டான். ஜெயசீலன் பதினெட்டு வருடமாக என் எலக்ட்ரீஷியன். நான் வரைவேன், அவன் மாட்டுவான்.

எந்த ஹோட்டலாக இருந்தாலும் நான் இட்லித் தட்டுச் சோதனை வைக்காமல் விடுவதில்லை. ஒரு தட்டில் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்டினி, தக்காளிச் சட்டினி, கொத்தமல்லிச் சட்டினி, ஒரு கிண்ணம் சாம்பார். விளக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். இட்லி வெள்ளையாக, சிவப்பு சிவப்பாக, பச்சை பச்சையாகத் தெரிய வேண்டும். எது தெரியவில்லையோ அந்த விளக்கு வேண்டாம். புத்தகத்தில் இல்லாத சோதனை, ஆனால் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

விளக்கின் நிறத்துக்கு எண் உண்டு. மூவாயிரம் என்றால் இளமஞ்சள், நாலாயிரம் என்றால் வெள்ளை, ஆறாயிரத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. டிபன் ஹோட்டலுக்கு நான் எப்போதும் போடுவது மூவாயிரம். இன்று அந்த மூவாயிரத்தில் இட்லி முந்தாநாள் சுட்டது போல இருந்தது. பக்கத்தில் நாலாயிரத்தில் வைத்தேன். பளிச்சென்று வந்தது.

"நாலாயிரமே போட்டுரு. எண்ணிக்கையும் கொஞ்சம் கூட்டு, இருட்டா இருக்குது" என்றேன்.

ஜெயசீலன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, சாப்பாட்டுக்கு நாம எப்பவும் மூவாயிரந்தானுங்களே?"

"இப்ப வர்ற மூவாயிரம் மூவாயிரம் இல்லடா. கம்பெனிக்காரன் ஏமாத்தறான்."

அவன் நிறம் அளக்கும் மீட்டரை எடுத்து நீட்டினான். 3020 என்று காட்டியது. மீட்டருக்கும் ஏழு வயது ஆகிறது. பாவம், தளர்ந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

மீட்டரைப் பழுதுபார்க்கச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் கடை திறக்க மாட்டார்கள் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சுவிடாமல் வேலை செய்ய நல்ல மாதம்.

ஜூலை 25, வெள்ளி

ஏசிக்காரர்கள் என் விளிம்புக்குள் மூக்கை நுழைத்தார்கள். நான் வெளிச்சம் ஒளித்துவைக்கிற இடத்தில் இரண்டடிக் குழாயைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். அப்படியே விட்டால் கூரையைச் சுற்றி ஓடும் வெளிச்சக் கோடு நடுவில் அறுந்துபோகும். ஒன்றரை மணி நேரம் நின்றபடியே பேசினேன். குழாய் பின்பக்கச் சுவரோரமாக நகர்ந்தது. இந்த ஊரில் ஏசிக்காரனை நகர்த்திய பெண் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 30, புதன்

ஊரில் எதிரே வருகிற எந்த வண்டிக்காரனும் இப்போது விளக்கைத் தாழ்த்துவதில்லை. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் பூனை மீசை மாதிரி கதிர் கதிராக நீட்டிக்கொண்டிருக்கிறது. மட்டமான விளக்குகளை எப்படித்தான் விற்க விடுகிறார்களோ. ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு அவரை வரச் சொன்னேன். இனி பொழுது சாய்ந்தால் அவரே ஓட்டட்டும். அவருக்கும் வெளியே வந்த மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மொத்தக் கூரைக்கும் இன்று முதல் முறையாக உயிர் கொடுத்தோம். மேசை விளக்குகளையும் சேர்த்து, மரச் சட்டங்களுக்கு நடுவே நூற்றுப் பன்னிரண்டு விளக்குகள். விளிம்பைச் சுற்றி ஒரு வெட்டு இல்லாமல் ஓடும் வெளிச்சம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆறுச்சாமியின் மனைவி பூங்கொடி நடுக் கூடத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. ஸ்கேன் எடுக்கற எடத்துக்கு வந்தாப்பல இருக்குதுங்க" என்றார்.

ஆறுச்சாமி அவசரமாக, "மேடத்துக்குத் தெரியாததா? நீ சும்மா இரு" என்றார். சொல்லிவிட்டு அவரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், சொந்தக் கைதானா என்று பார்க்கிற மாதிரி.

நான் விளிம்பைச் சரிபார்க்கப் போய்விட்டேன். ஜெயசீலன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒத்திகை. ஆறுச்சாமி தன் சொந்தபந்தங்கள் ஐம்பது பேரைச் சாயங்கால டிபனுக்கு அழைத்திருந்தார். மாஸ்டர் கை நன்றாக இருந்தது. ஆனால் யாரும் நிதானமாகச் சாப்பிடவில்லை. வந்தார்கள், விழுங்கினார்கள், கை கழுவினார்கள். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மூலையில் மட்டும் நான்கு மேசைகளைச் சுற்றி இருபது பேர். மற்ற நாற்காலிகளையும் அங்கேயே இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட பிறகும் எழுந்திருக்காமல் அரட்டை.

அங்கே ஏசி நன்றாக வருகிறது. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேறொன்று இருந்தது. காலையில் போய் அந்த மூலையைப் பார்த்தால், நான்கு விளக்குகள் மட்டும் அழுக்காக, மங்கலாகத் தெரிந்தன. கழற்றிப் பார்த்தால் மூவாயிரம்.

"யார் வேலை இது?"

"நாந்தானுங்கக்கா" என்றான் ஜெயசீலன். மறைக்கவே இல்லை. "சனங்க எங்க போய் ஒக்கார்றாங்கன்னு பாக்கலாம்னு மாட்டுனேனுங்க. நேத்து நீங்களே பாத்தீங்க."

"என் கூரையில கை வைக்க உனக்கு யாரு உரிமை கொடுத்தா?"

"உங்க பேரு கல்லுல ஏறுதுங்கக்கா. அது கெட்டுப் போகக் கூடாதுன்னுதான்..."

நான் கத்தினேன். தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை பார்க்கிறவளுக்கு நீ வெளிச்சம் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, என் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போனான்.

சரியாகத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மீட்டர் திரும்பி வந்தது. பழுது ஒன்றுமில்லை என்று சீட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. வீட்டில் ஒழுங்குபடுத்த வேண்டியது நிறைய இருந்தது. பரணைத் துடைத்தேன். பிறகு மீட்டரை வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றின் கீழும் வைத்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் என்ன எண் போட்டிருந்ததோ அதையே காட்டியது. எல்லா விளக்குக்கும்.

மத்தியானம் அவர் தன் பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே இருபது நூல்கண்டுகள், தூய வெள்ளையிலிருந்து சந்தனம் வரை. ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் இதைக் கொடுத்துத்தான் வரிசையாக அடுக்கச் சொல்வார்களாம். ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதியிருக்கும்.

"பொழுதுபோகாம இருக்கறயே, அடுக்கேன்" என்றார்.

இதென்ன கஷ்டம் என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஐந்து நிமிடத்தில் அடுக்கிவிட்டேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். 1, 6, 3, 9, 2, 8...

நான் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க லேபா இருந்தா உன்னையப் பேக்கிங்குக்கு அனுப்பியிருப்பேன்" என்றார் கடைசியில். குரல் மட்டும் கேலியாக இல்லை. "ரவிக்கைத் துணி எடுத்தியே, அன்னிக்கே சந்தேகம். சொன்னா நீ கடிப்பியேன்னுதான் சொல்லல. நாளைக்கு லீவு. நாளன்னிக்கு ஆஸ்பத்திரி போலாம்."

எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அதிகம். சின்னப் பெண், அந்த டாக்டர்.

"விளக்கைச் சுத்திக் கதிர் கதிரா எவ்வளவு நாளா தெரியுதும்மா?"

"விளக்கு மோசம்னு நெனச்சேன்."

"வெள்ளை எல்லாம் பழுப்பாத் தெரிஞ்சிருக்குமே?"

"விளக்கு மோசம்னு நெனச்சேன்" என்றேன் மறுபடியும். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் இருமினார். சிரிப்பை அடக்கும் இருமல்.

ஐம்பத்து மூன்று வயதுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே வந்திருக்கிறது, சர்க்கரை காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மெல்ல மெல்லப் பழுத்து, ஒரு மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பது போல ஆகிவிடுமாம். மெல்ல வருவதால் நமக்குத் தெரியாதாம். புதன்கிழமை வலது கண்ணுக்கு அறுவை, ஒரு மாதம் கழித்து இடதுக்கு.

நான் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை நாளா இருந்திருக்கும்?" இரண்டு வருடமாவது இருக்கும் என்றார். இரண்டு வருடத்தில் நான் செய்தது ஒன்பது கடைகள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜெயசீலன் வீடு போத்தனூரில். சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை. எனக்கு அது சந்தனமாகத் தெரிந்தது. வெள்ளையாகத்தான் இருக்கும் என்று புத்தியால் புரிந்துகொண்டேன்.

வரும் வழியெல்லாம் எப்படிப் பேச வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்தேன். வாசலில் நின்றதும் ஒன்றும் வரவில்லை. "கண்ணுல புரைடா" என்றேன். "நீ சொன்னதுதான் சரி. எல்லார் முன்னாலயும் உன்னையக் கேவலமாப் பேசிப்போட்டேன். மன்னிச்சுக்கோ."

"அய்யோ, உள்ள வாங்கக்கா மொதல்ல" என்று நாற்காலியைத் துடைத்தான். பிறகு, "ஒரு வருசமா சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேனுங்க. காபி கடைக்கே நீங்க நாலாயிரம் எழுதுனப்பவே சொல்லியிருக்கோணும். அன்னிக்கு வாயத் தொறக்கல. இந்தத் தடவ வாயத் தொறக்காம பல்பை மாத்திட்டேன். ரெண்டும் தப்புதானுங்க."

அவன் மனைவி சுக்குக் காபி கொடுத்தாள். பாதிக் காபியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணுக்கு நல்லதில்லை என்று அவள் பதறினாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆறுச்சாமியிடம் ஏதாவது சாக்குச் சொல்லி விளக்குகளை மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை ஓடியது. தவறான சரக்கு வந்துவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கூடத்துக்குள் நுழைகிற வரைக்கும் அந்த யோசனை என்னோடு வந்தது. உள்ளே பூங்கொடியைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

இருவரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். விளக்கு அமைக்கிறவளுக்குக் கண் சரியில்லை என்று என் வாயாலேயே சொன்னேன். நூற்றெட்டு விளக்குகளையும் விளிம்பையும் மாற்றுவது என் பொறுப்பு, ஜெயசீலன் பார்த்துக்கொள்வான், கல்லில் என் பெயருக்குப் பதில் அவன் பெயரைப் போட்டுவிடுங்கள் என்றேன்.

ஆறுச்சாமி மோவாயைச் சொறிந்துகொண்டார். "எங்க மாஸ்டருக்கு ஒருக்கா சளி புடிச்சு நாக்கு செத்துப்போச்சுங்க. வெளிய சொல்லல. பழக்கத்துல உப்புப் போட்டுட்டார். காலைல வந்த அத்தன பேருக்கும் பொங்கல் உப்பா போயிருச்சுங்க. ஏன்யா சொல்லலைன்னா, சொன்னா அடுப்ப விட்டு எறக்கீருவீங்கன்னு அழுகறார். இன்னும் அவர்தானுங்க மாஸ்டர். இப்ப அவருக்குச் சளின்னா பக்கத்துல ருசி பாக்க ஒரு ஆள் நிப்பாரு, அவ்வளவுதான்."

பூங்கொடி, "கண்ணப் பாருங்கக்கா மொதல்ல" என்றார்.

"பேர மாத்த முடியாதுங்க" என்றார் ஆறுச்சாமி. "கல்லுல வெட்டியாச்சு."

ஆகஸ்ட் 20, புதன்

எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வரிதான். முடிந்தது, வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். முதலில் பார்த்தது தாதியின் சட்டையை. வெள்ளை! இத்தனை வெள்ளை உலகத்தில் இருந்ததா?

வீட்டுக்கு வந்து ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து, சிறுபிள்ளை மாதிரி வீடெல்லாம் சுற்றினேன். குளியலறை வாளி பச்சை இல்லை, நீலம். என்னைக் கட்டிக்கொண்ட மனிதரின் தலை நான் நினைத்ததைவிட நரைத்திருக்கிறது. இந்த நாட்குறிப்பை இத்தனை நாள் கறுப்பு மையில் எழுதுவதாக நினைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தால் ஜூலையிலிருந்து அத்தனையும் நீலம்.

புதுக் கண்ணுக்குக் கொஞ்ச நாள் எல்லாமே நீலம் தூக்கலாகத் தெரியும், ஒரு மாதத்துக்கு நிறம் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அவர் ஆளைச் சரியாக எடைபோட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கறுப்புக் கண்ணாடியோடு கூடத்துக்குப் போனேன். ஐந்து நாளில் ஜெயசீலன் மொத்தத்தையும் மாற்றி முடித்துவிட்டான். மாஸ்டர் இட்லித் தட்டோடு வந்தார். கண்ணாடியைக் கழற்றி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். இட்லி வெள்ளை, தக்காளி சிவப்பு, கொத்தமல்லி பச்சை. சாம்பாரில் பருப்பின் மஞ்சள் தனியாகத் தெரிந்தது. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன். அதே இட்லி, பழைய நெய் தடவின மாதிரி.

"அந்த நாலாயிரம் ஒண்ண மாட்டு" என்றேன். வேண்டாம் என்றான். வற்புறுத்தினேன். மாட்டினான். இட்லி சுண்ணாம்புக் கட்டியாகிவிட்டது. சாம்பார் சேற்றுத் தண்ணீர். தட்டைப் பிடித்திருந்த மாஸ்டரின் விரல்கள் பிணத்தின் விரல்களாகத் தெரிந்தன. இதையா எண்பது பேர் தலைக்கு மேல் மாட்டச் சொன்னேன்? போதும் கழற்று என்றேன்.

ஆனாலும் என் கண்ணை மட்டும் நம்பவில்லை. பூங்கொடியைக் கேட்டேன், மாஸ்டரைக் கேட்டேன், கடைசியாக மீட்டரை வைத்தேன். 3020. மனசுக்குள் அதனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கருநீலப் பட்டு, கருநீல ரவிக்கை. அவர் எடுத்து வந்த துணி.

கூட்டம் சொல்லி மாளாது. ஒரு குடும்பம் நடு மேசையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஆறுச்சாமி என்னிடமே வந்து குறைபட்டுக்கொண்டார். முகம் முழுக்கப் பல். மற்ற கிளைகளைப் பற்றித் தீபாவளிக்குப் பிறகு பேசலாம் என்றார். "பேசலாமுங்க. ஜெயசீலனையும் வெச்சுத்தான் பேசோணும்" என்றேன். ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாக வந்திருக்கிறது. என் வேலை என்பதால் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாக வந்திருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒன்பது கடைகளின் பட்டியல் போட்டுவிட்டேன். முதல் கடை பிரணவினுடையது.

சாயங்காலம் நானும் ஜெயசீலனும் ஏணியோடும் விளக்குப் பெட்டியோடும் போய் இறங்கினோம். என்னைக் கண்டதும் பிரணவ் கல்லாவை விட்டு எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "ஆன்ட்டி, நான் அதுக்கப்புறம் எதுவுமே ஒட்டலீங்க!"

அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்கப் பிணவறை வெளிச்சம். அதற்குக் கீழே மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளை ஒரு வருடமாக இதற்கு அடியில் கடை நடத்தியிருக்கிறான். கத்தரிக்கோலும் கேக் தாளும் வைத்துக்கொண்டு பதினாறு வட்டங்கள் வெட்டி, நான் கெடுத்ததைத் தன்னால் முடிந்த அளவுக்குச் சரிசெய்திருக்கிறான். அதையும் உரிக்கவைத்துவிட்டுக் காபி குடித்தேன்.

"அந்தத் தாள் இருக்குதா?" என்று கேட்டேன்.

பயந்துகொண்டே கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தான். எறியாமல் வைத்திருந்தான். ஒன்றை வாங்கி மீட்டரின் முகத்தில் மூடி, விளக்குக்கு நேரே பிடித்தேன். 3100 காட்டியது.

"நீங்க ஒட்டுனதுதான் சரி, பிரணவ்" என்றேன். "தப்பு என்னோடது."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு உட்கார்ந்து விவரமாகச் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு மாதத்துக்கு நான் ஏணி ஏறக் கூடாது. ஜெயசீலன் ஏறினான். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். முதல் விளக்கை மாற்றிவிட்டுக் குனிந்து, "எப்படிங்கக்கா இருக்குது?" என்று கேட்டான்.

"நீ பாத்துச் சொல்லு" என்றேன்.